தாத்தா பினாங்கில் பிறந்தாரா? ஏழு ஆட்டக்காரர்களும் சிவப்பு ஐ.சி. கேள்வியும்

2025 ஜூன் 10ஆம் தேதி இரவு புக்கிட் ஜாலில் அரங்கத்தில் இருந்த ரசிகர்கள் அந்த ஆட்டத்தைச் சுலபத்தில் மறக்கமாட்டார்கள். ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் மலேசியா 4-0 என்று வியட்நாமை வீழ்த்தியது. பத்து ஆண்டுகளுக்கும் மேலாக வியட்நாமிடம் வெற்றி பார்க்காத அணி அது. முதல் கோல் ஜுவாவோ ஃபிகெரெடோ, இரண்டாவது ரொட்ரிகோ ஹோல்காடோ, அடுத்து லாவேர் கார்பின்-ஓங், கடைசியாக டியோன் கூல்ஸ். சாப்பாட்டுக் கடைகளில் பெரிய திரை போட்டுப் பார்த்தவர்கள் நள்ளிரவுக்குப் பிறகும் கலையவில்லை.

மறுநாளே ஃபிஃபாவுக்கு ஒரு புகார் போய்ச் சேர்ந்தது. இந்த ஆட்டக்காரர்களுக்கும் மலேசியாவுக்கும் உண்மையில் என்ன உறவு என்பதே அந்தப் புகாரின் சாரம்.

செப்டம்பர் 26ஆம் தேதி ஃபிஃபாவின் கட்டொழுங்குக் குழு தண்டனையை அறிவித்தது. மலேசியக் காற்பந்து சங்கத்துக்கு (எஃப்.ஏ.எம்.) 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதம். நம் பணத்தில் ஏறக்குறைய 18 லட்சம் வெள்ளி. ஏழு ஆட்டக்காரர்களுக்குத் தலைக்கு 2,000 ஃபிராங்க் அபராதமும், காற்பந்து தொடர்பான எல்லா நடவடிக்கைகளிலிருந்தும் 12 மாதத் தடையும். எஃப்.ஏ.எம். மேல்முறையீடு செய்தது. நவம்பர் 3ஆம் தேதி அதுவும் தள்ளுபடியானது. இனி சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம்தான் வழி என்று சங்கம் அங்கே போனது.

தண்டனையைவிட, அக்டோபர் 6ஆம் தேதி ஃபிஃபா வெளியிட்ட விரிவான தீர்ப்புதான் ரசிகர்களை அதிர வைத்தது. அதில் ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருந்தன. எஃப்.ஏ.எம். கொடுத்த பத்திரத்தின்படி கார்செஸின் தாத்தா பிறந்த இடம் பினாங்கு. ஃபிஃபா தேடிக் கண்டெடுத்த மூலப் பத்திரத்தின்படி அர்ஜெண்டினாவின் சாந்தா ஃபே மாநிலம். ஹோல்காடோவின் தாத்தாவுக்கு ஜார்ஜ்டவுன் என்று எழுதப்பட்டிருந்தது. மூலத்தில் புவனோஸ் ஐரிஸ். மச்சுகாவின் பாட்டிக்கும் பினாங்குதான் போட்டிருந்தார்கள். அவரும் சாந்தா ஃபேக்காரர். ஃபிகெரெடோவின் பாட்டி ஜொகூரில் பிறந்தவராகக் காட்டப்பட்டார். உண்மையில் பிரேசில். பால்மெரோவின் பாட்டி மலாக்காவில் அல்ல, ஸ்பெயினின் லா பால்மா தீவில் பிறந்தவர். இராசபாலின் தாத்தாவுக்குக் கூச்சிங் என்று இருந்தது, மூலத்தில் ஸ்பெயினின் குவெர்னிகா. ஹெவலின் தாத்தாவுக்கு மலாக்கா, மூலத்தில் நெதர்லாந்தின் ஹேக் நகரம்.

ஏழில் மூன்று பினாங்கு. அந்தக் காலத்தில் பினாங்குத் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கிய நம்மவர்களின் தாத்தா பாட்டிகளுக்குக்கூட இவ்வளவு சுலபமாகப் பத்திரம் கிடைத்திருக்காது என்று கிண்டல் கிளம்பியதில் வியப்பில்லை.

எஃப்.ஏ.எம். சொன்ன முதல் விளக்கம், இது அலுவலக அளவில் நேர்ந்த தொழில்நுட்பத் தவறு என்பது. ஊழியர் ஒருவர் பத்திரங்களைக் கையாண்ட விதத்தில் பிழை, ஆட்டக்காரர்கள் அனைவரும் முறைப்படி மலேசியக் குடிமக்கள் என்று சங்கம் சொன்னது. ஒரு பத்திரத்தில் ஊர்ப் பெயர் மாறினால் தட்டச்சுப் பிழை என்று ஏற்றுக்கொள்ளலாம். ஏழு பத்திரங்களில், ஏழு குடும்பங்களில், ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டு ஊர் போய் மலேசிய ஊர் வந்து உட்கார்ந்தால் அதைப் பிழை என்று யார் நம்புவார்கள்? ஃபிஃபாவும் நம்பவில்லை. இது ஒருவகை ஏமாற்று வேலை என்றே தீர்ப்பில் எழுதிவிட்டது. அக்டோபரில் சங்கத்தின் தலைமைச் செயலாளர் இடைநீக்கம் செய்யப்பட்டார். முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் ராவுஸ் ஷரிஃப் தலைமையில் விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிக் கொள்வது நல்லது, ஏனென்றால் காப்பிக் கடைப் பேச்சில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. குடியுரிமை வேறு, ஒரு நாட்டுக்காக ஆடும் தகுதி வேறு. மலேசியக் கடப்பிதழ் இருந்தால் மட்டும் ஃபிஃபா விடாது. புதிதாகக் குடியுரிமை பெற்றவர் அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும். அல்லது பெற்றோரில் ஒருவர், தாத்தா பாட்டியில் ஒருவர் அங்கே பிறந்திருக்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால், 18 வயதுக்குப் பிறகு வந்தவர் குறைந்தது ஐந்து ஆண்டு அந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். காம்பியாவில் பிறந்த முகமடு சுமாரே 2018இல் நம் தேசிய அணிக்கு வந்தது இந்த ஐந்தாண்டு வழியில்தான். இங்கேயே இருந்து, உள்ளூர் லீக்கில் ஆடி, வியர்வை சிந்தி வந்தவர். டியோன் கூல்ஸ் பெல்ஜியத்தில் வளர்ந்தவர் என்றாலும் பிறந்தது கூச்சிங்கில், தாயார் சரவாக்கைச் சேர்ந்தவர். அவரை யாரும் கேள்வி கேட்கவில்லை, கேட்கவும் முடியாது.

இந்த ஏழு பேருக்கும் ஐந்தாண்டு வசிப்பு இல்லை. ஆகவே ஒரே கதவு தாத்தா பாட்டி கதவுதான். அந்தக் கதவுக்குத்தான் கள்ளச்சாவி போட்டிருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், பக்கத்து வீட்டைப் பார்த்து வந்த அவசரம் என்று சொல்லலாம். நெதர்லாந்தில் பிறந்து வளர்ந்த இந்தோனேசிய வம்சாவளி ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து இந்தோனேசியா ஓர் அணியைக் கட்டியது. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றின் நான்காம் கட்டம்வரை வந்தது. 2025 அக்டோபரில் சவூதியிடமும் ஈராக்கிடமும் தோற்றுத்தான் நின்றது. இந்தோனேசியாவுக்கும் நெதர்லாந்துக்கும் முந்நூறு ஆண்டுக் காலனி உறவு இருக்கிறது. அங்கே போய்த் தேடினால் உண்மையான தாத்தா பாட்டி கிடைப்பார்கள். மலேசியாவுக்கும் அர்ஜெண்டினாவுக்கும் அப்படி என்ன உறவு? இந்தக் கேள்வியை ஜூன் மாதமே சில ரசிகர்கள் கேட்டார்கள். ஆனால் 4-0 என்ற எண் பளபளவென்று இருந்ததால் அவர்கள் குரல் எடுபடவில்லை.

இதுவரை சொன்னது விளையாட்டுச் செய்தி. தோட்டப்புறத்திலும் பட்டணத்துக் குடியிருப்புகளிலும் வாழும் இந்தியர்களுக்கு இந்த விவகாரம் விளையாட்டுப் பக்கத்தோடு முடிந்துவிடவில்லை.

ஃபிஃபாவின் தீர்ப்பில் தேசியப் பதிவுத் துறை (ஜே.பி.என்.) பற்றி ஒரு பகுதி வருகிறது. ஆட்டக்காரர்களின் தாத்தா பாட்டிகளின் கையெழுத்துப் பிறப்புப் பதிவுகள், அதாவது மூலப் பதிவுகள், துறையிடம் கிடைக்கவில்லை. அதனால் இரண்டாம் நிலைத் தகவல்களையும் வெளிநாட்டிலிருந்து வந்த பத்திரங்களையும் வைத்துக்கொண்டு பிறப்புப் பதிவின் நகல் வழங்கப்பட்டிருக்கிறது. அக்டோபரில் மக்களவையில் இந்தக் கேள்வி எழுந்தபோது, உள்துறை அமைச்சர் டத்தோஸ்ரீ சைஃபுடின் நசுத்தியோன் இஸ்மாயில் குடியுரிமை சட்டப்படிதான் வழங்கப்பட்டது என்றார். வசிப்புக் கால நிபந்தனையில், அரசியலமைப்புச் சட்டம் தமக்குக் கொடுத்திருக்கும் விருப்புரிமையைப் பயன்படுத்தியதாகவும் தெரிவித்தார்.

சட்டம் அந்த அதிகாரத்தை அமைச்சருக்குக் கொடுக்கிறது என்பது உண்மை. அரசியலமைப்பின் 19ஆவது பிரிவின்படி குடியுரிமைக்கு மனுச் செய்பவர் 12 ஆண்டுக் காலத்தில் மொத்தம் 10 ஆண்டு இங்கே வசித்திருக்க வேண்டும், போதிய அளவு மலாய் மொழி தெரிந்திருக்க வேண்டும். அதில் ஒரு பகுதியைத் தளர்த்தும் உரிமை அமைச்சருக்கு உண்டு. அப்படியானால் கேள்வி சட்டத்தைப் பற்றியது அல்ல. அந்த விருப்புரிமை யாருக்காகக் கண் விழிக்கிறது, யாருக்காகத் தூங்குகிறது என்பதைப் பற்றியது.

சிவப்பு ஐ.சி. என்றால் என்ன என்று இந்தச் சமூகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் இளைய தலைமுறைக்காகக் கொஞ்சம் சொல்லலாம். மெர்டேக்கா நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடியும்வரை இந்த மண்ணில் பிறந்த எல்லாருமே சட்டப்படி குடிமக்கள். பெற்றோர் யார் என்று பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. மெர்டேக்காவுக்கு முன் பிறந்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து சிறு வயதில் வந்தவர்கள் மனுச் செய்துதான் குடியுரிமை பெற வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பால்மரத் தொழிலாளி எத்தனை பேருக்கு அந்தப் பாரம் கையில் கிடைத்திருக்கும்? கிராணி சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலைப் பெர்மிட் எடுக்க வேண்டும் என்றானபோது, பல்லாயிரம் பேர் தாங்கள் உழைத்த தோட்டத்தை விட்டுக் கப்பல் ஏறினார்கள். இருந்தவர்களில் பலர் சிவப்பு அட்டையோடு இருந்துவிட்டார்கள்.

அதோடு நிற்கவில்லை. லயத்து வீட்டில் மருத்துவச்சி பார்த்துப் பிறந்த பிள்ளை, பதியாமலே விடப்பட்ட பிறப்பு. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது காணாமற்போன அலுவலகப் பதிவேடுகள். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவுத் திருமணம் செய்யாத தம்பதிகள். 1982 மார்ச் முதல் திருமணத்தைப் பதிவது கட்டாயம். பதியாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பிள்ளை முறைப்படி பிறந்த பிள்ளை அல்ல. அப்போது தகப்பனின் நீல ஐ.சி. பயன்படாது, தாயின் நிலைதான் பிள்ளைக்கு வரும். தாயிடம் பத்திரம் இல்லையென்றால் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்ல' என்று அச்சாகும். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது சிக்கல், பரீட்சை எழுதும்போது சிக்கல், பள்ளி அணியில் பந்து விளையாடி மாநிலப் போட்டிக்குத் தேர்வாகும்போதும் சிக்கல்.

2011இல் மைடஃப்தார் என்ற பெயரில் நாடு முழுக்கப் பதிவு இயக்கம் நடத்தினார்கள். 2018இல், 60 வயதைக் கடந்த சிவப்பு ஐ.சி. இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. பயனடைந்தவர்கள் உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. ஆனால் ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வொரு சேவை மையத்திலும், இன்னமும் பிளாஸ்டிக் பையில் பழைய காகிதங்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கப்படுவது ஒன்றே ஒன்று: அசல் பத்திரம் எங்கே?

அசல் பத்திரம் இல்லாததால் ஒரு பாட்டியின் கோப்பு மூடப்படுகிறது. அசல் பத்திரம் இல்லாததால் ஓர் ஆட்டக்காரருக்கு இரண்டாம் நிலைத் தகவல் போதும் என்றாகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வந்த கோபம், வெறும் விளையாட்டு ரசிகனின் கோபம் அல்ல.

இதற்கு ஒரு மறுப்பு சொல்லப்படுகிறது. 'எல்லா நாடும் திறமைசாலிகளுக்குச் சலுகை காட்டுகிறது, இதில் இனப் பேச்சு எதற்கு' என்பது அது. அதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ரையன் வில்லியம்ஸ், தாயார் மும்பையில் பிறந்தவர் என்பதால் ஆஸ்திரேலியக் கடப்பிதழைத் துறந்து இந்தியக் குடிமகனாகி, 2025 நவம்பரில் இந்திய அணியின் பயிற்சி முகாமுக்கு அழைக்கப்பட்டார். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, அதனால் ஒன்றை விட்டால்தான் மற்றது. அவர் விட்டார். இதில் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. வெளியிலிருந்து வருபவன் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை வெறுக்கும் உரிமை, கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நிச்சயம் கிடையாது. ஏழு ஆட்டக்காரர்களை சமூக ஊடகத்தில் வாய்க்கு வந்தபடி ஏசியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அவர்களுக்கும் தடை விழுந்தது. அவர்களில் யார் எவ்வளவு தெரிந்து கையெழுத்துப் போட்டார்கள் என்பது விசாரணையில் வர வேண்டிய விஷயம்.

மறுப்பின் மற்றொரு பாதிதான் நிற்கவில்லை. திறமைக்காகச் சலுகை என்றால், இந்த மண்ணிலேயே பிறந்த திறமைக்கு முதலில் அந்தச் சலுகை வர வேண்டாமா?

இந்தியச் சமூகத்துக்கும் தேசியக் காற்பந்துக்கும் இருந்த உறவை நினைவுபடுத்திக்கொண்டால் இந்தக் கேள்வியின் கனம் புரியும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் எம். சந்திரன் இருந்தார். அமெரிக்காவை 3-0 என வென்ற அணி அது. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கத்தில் தென்கொரியாவை 2-1 என்று தோற்கடித்து மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றபோது, கோல் கம்பத்துக்கு நடுவே நின்றவர் 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகம். தற்காப்பில் சோ சின் ஆனுக்குத் துணையாக சந்தோக் சிங். புறக்கணிப்பு அரசியலால் அந்த அணி மாஸ்கோ போகவில்லை. ஆறுமுகம் 1988இல் கார் விபத்தில் மறைந்தார். இன்றைக்கும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் கூடினால், அவர் நீண்ட கைகளை விரித்துப் பாய்ந்த காட்சியைச் சொல்லாமல் எழுந்து போகமாட்டார்கள்.

2010இல் ஆசியான் சுஸுகி கிண்ணத்தை மலேசியா வென்றபோது பயிற்றுநர் கே. ராஜகோபால். முதல் ஆட்டத்தில் புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என வென்று, ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்று, மொத்தக் கணக்கில் கிண்ணம் வந்தது. வலது பக்கத்தில் எஸ். குணாளன் ஓடிய ஓட்டம் அந்த அணியின் அடையாளங்களில் ஒன்று. அந்த அணியில் வெளிநாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர் ஒருவரும் இல்லை. மலேசியா அந்தக் கிண்ணத்தை வென்றது அந்த ஒரு முறைதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதன்பிறகு தேசிய அணிப் பட்டியலில் இந்தியப் பெயரைத் தேடினால் கண் வலிக்கும். இதற்கு யாரோ ஒருவர் மேல் பழி போடுவது சுலபம், ஆனால் அது முழு உண்மையாகாது. தோட்டம் இருந்தபோது ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு திடல் இருந்தது. மாலை வேலை முடிந்ததும் பெரியவர்கள் ஆடுவார்கள், கோட்டுக்கு வெளியே சிறுவர்கள் பந்து பொறுக்குவார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி. அங்கிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து மாநிலம். தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறியபோது திடல் போனது, கூடவே அந்த ஏணியும் போனது. பட்டணத்தின் மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்த குடும்பத்தின் பையனுக்குக் கார் நிறுத்துமிடம்தான் திடல். இன்றைய ஏணி வேறு மாதிரி. அகாடமிக் கட்டணம், பூட்ஸ், வாரயிறுதியில் கூட்டிக்கொண்டு போகக் கார், ஓவர்டைமை விட்டுவிட்டு வரக்கூடிய அப்பா. இவ்வளவும் இருந்தால்தான் முதல் படியிலேயே கால் வைக்க முடியும்.

முயற்சி நடக்காமல் இல்லை. மலேசிய இந்தியக் காற்பந்து சங்கம் (மிஃபா) தன் அணியை லீக்கில் ஏற்றி, பிறகு அது பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்வரை போனது. 2021 பருவத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல், முழுக்க உள்ளூர்ப் பையன்களை வைத்து அந்த அணி ஆடியது. மற்ற எல்லா அணிகளும் வெளிநாட்டுத் தாக்குதல் ஆட்டக்காரர்களை நம்பி நின்றபோது எடுத்த துணிச்சலான முடிவு. 2022 பருவம் முடிந்ததும் அணி லீக்கிலிருந்து விலகியது. உள்ளூர்த் திறமை என்று மேடையில் பேசியவர்களில் எத்தனை பேர் அந்த அணியின் ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கிப் போனார்கள் என்று கேட்டால், இந்தியச் சமூகமும் தலை குனிய வேண்டியிருக்கும்.

மற்ற விளையாட்டுகளைப் பாருங்கள். முரளிதரன் மகள் தீனா, பெர்லி டானுடன் சேர்ந்து 2025 ஆகஸ்டில் பாரிசில் நடந்த உலகப் பூப்பந்துப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். மகளிர் இரட்டையரில் மலேசிய ஜோடி ஒன்று உலக இறுதியாட்டம்வரை போனது அதுவே முதல் முறை. கெடாவின் எஸ். சிவசங்கரி 2022இல் கார் விபத்தில் கழுத்தில் அடிபட்டு, இனி ஸ்குவாஷ் ஆடுவாரா என்ற நிலையிலிருந்து எழுந்து, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தனிநபர் தங்கம் வென்றார், 2024இல் லண்டனில் உலகின் முன்னணி வீராங்கனைகளை அடுத்தடுத்து வீழ்த்திக் கிண்ணம் தூக்கினார். யாருடைய தாத்தாவையும் தேடி எந்தக் கண்டத்துக்கும் போக வேண்டியிருக்கவில்லை. சிறு வயதிலேயே கண்டுபிடித்து, பத்துப் பதினைந்து வருடம் பொறுமையாக வளர்த்ததன் பலன். காற்பந்துக்கு அந்தப் பொறுமை இல்லாமற்போனதுதான் கோளாறு.

காற்பந்திலும் உதாரணம் இல்லாமலில்லை. ஃபைசால் ஹாலிம் நிஜமாகவே பினாங்குப் பையன். 2024 தொடக்கத்தில் ஆசியக் கிண்ணத்தில் தென்கொரியாவை 3-3 எனச் சமன் செய்த ஆட்டத்தில் அவர் போட்ட கோலை நாடே கொண்டாடியது. அதே ஆண்டு மே மாதம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பேரங்காடியில் அவர் மீது திராவகம் வீசப்பட்டது. கடுமையான தீக்காயங்களுடன் பல அறுவைச் சிகிச்சைகளைத் தாண்டி மறுபடியும் களத்துக்கு வந்தார். புலி முத்திரை போட்ட சட்டைக்கு யார் தகுதியானவர் என்று கேட்டால் ரசிகர்கள் இன அடையாளம் பார்க்காமல் முதலில் சொல்லும் பெயர்களில் அவர் பெயர் இருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏழு பேரும் தடை செய்யப்பட்ட பிறகு, அக்டோபரில் மலேசியா லாவோசை வியந்தியானில் 3-0 எனவும் புக்கிட் ஜாலிலில் 5-1 எனவும் வென்றது. லாவோஸ் பலமான அணி அல்ல, ஒப்புக்கொள்வோம். ஆனால் அந்த ஏழு பேர் இல்லாவிட்டால் அணியே இல்லை என்று பேசியவர்களுக்கு இது ஒரு பதில்.

அப்போது பயம் வேறு இடத்தில் இருந்தது. மார்ச்சில் நேப்பாளத்தை 2-0 என வென்ற ஆட்டத்தில் ஹெவல் இருந்தார். ஜூனில் வியட்நாமுக்கு எதிராக மற்றவர்கள் ஆடினார்கள். அந்த வெற்றிகளை என்ன செய்வது என்பதை ஆசியக் காற்பந்து சம்மேளனம் முடிவெடுக்க வேண்டியிருந்தது. பிரிவில் முதல் இடம் பிடிக்கும் ஓர் அணிக்கு மட்டுமே 2027 சவூதி ஆசியக் கிண்ணத்தில் இடம். புள்ளிகள் பறிபோனால் ஏழு பேர் மட்டும் அல்ல, அதே ஆட்டங்களில் நேர்மையாக ஓடிய உள்ளூர்ப் பையன்களின் உழைப்பும் சேர்ந்து போகும் என்பதே அந்தப் பயம். இந்த அநியாயத்தைப் பற்றி எஃப்.ஏ.எம். தரப்பில் யாரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. அபராதப் பணத்தைப் பற்றித்தான் பேச்சு.

குடியுரிமைப் பக்கத்தில் நடப்பது இதைவிட அமைதியாக நடக்கிறது. 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களுக்கு நியாயம் செய்தது, வரவேற்க வேண்டியதுதான். அதே திருத்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. இனி நிரந்தரவாசிகளின் பிள்ளை, அதாவது சிவப்பு ஐ.சி. வைத்திருப்பவரின் பிள்ளை, இங்கே பிறந்தாலும் தானாகக் குடிமகன் ஆகாது. தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கும் சிவப்பு அட்டைக் குடும்பங்களுக்கு இதனால் என்ன நேரும் என்று அப்போதே சமூக அமைப்புகள் எச்சரித்தன. அந்த விவாதத்தைக் கேட்டவர்கள் குறைவு, ஏனென்றால் அதில் கோல் எதுவும் விழவில்லை.

பத்திரங்களை மாற்றியது யார் என்று வெளியே வர வேண்டும். பதிவுத் துறை, மூலப் பதிவு இல்லாத ஒருவருக்கு எந்தெந்த இரண்டாம் நிலை ஆதாரங்களை ஏற்கும் என்ற பட்டியலைப் பொதுவில் வைக்க வேண்டும். ஆட்டக்காரருக்கு ஏற்ற அதே ஆதாரம் தோட்டத்தில் பிறந்த பாட்டிக்கும் ஏற்கப்படுமா என்று இந்தியச் சமூகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி வேறுபாடு பார்க்காமல், அடுத்த கூட்டத்தொடரில் எழுத்து மூலம் கேட்கலாம். அதற்குப் பெரிய போராட்டம் எதுவும் தேவையில்லை, ஒரு கேள்வித்தாள் போதும்.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் 2026 மார்ச் 31ஆம் தேதி, வியட்நாமில் என்று குறிக்கப்பட்டிருந்தது. ஜூனில் கோல் போட்ட நால்வரில் இருவர் தடை செய்யப்பட்டவர்கள்.